எந்தக் காடு, எந்த மாதம்

காடுகளில் விலங்கைக் காட்டும் காடு ஒன்று, மறைக்கும் காடு இன்னொன்று. வனவிலங்குப் பயணத்துக்கு இடம் தேடும்போது முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். விமானக் கட்டணம், விடுதி எல்லாம் பிறகு. ஆப்பிரிக்கப் புல்வெளியில் வெயில் தரைவரை இறங்குகிறது. அதனால் புல் வளர்கிறது, புல்லை மேய விலங்குகள் கூட்டமாக வருகின்றன, அவற்றைத் தேடிச் சிங்கம் வருகிறது. ஜீப்பில் உட்கார்ந்தபடியே அத்தனையும் பார்க்கலாம். பேராக்கின் மழைக்காட்டில் வெயிலை முப்பது, நாற்பது மீட்டர் உயரத்திலேயே இலைகள் வாங்கிக்கொள்கின்றன. தளிரும் பழமும் மேலே இருப்பதால் குரங்கும் பறவையும் மேலேயே வாழ்கின்றன. தரையில் மேய்ச்சல் குறைவு. மானும் செலாடாங் எனும் காட்டெருதும் சிதறி, பெரும்பாலும் இருட்டிய பிறகே நடமாடுகின்றன. யானை இருபது அடி தள்ளி நின்றாலும் கிளை முறியும் சத்தம் மட்டும் கேட்கும்.

ஈப்போ பக்கத்துக் குடும்பங்கள் ஏமாந்து திரும்புவது பெரும்பாலும் இந்த வேறுபாடு தெரியாமல்தான். தொலைக்காட்சியில் பார்த்தது செரெங்கெட்டி. போய் இறங்குவது தாமான் நெகாரா. மூன்று நாள் அட்டைக்கடி வாங்கிவிட்டு, அங்கே ஒன்றுமே இல்லை என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். இருக்கத்தான் செய்கிறது, ஆனால் புலியை எதிர்பார்த்துப் போயிருந்தால் குறை எதிர்பார்ப்பில்தான். 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி மலேசியக் காடுகளில் மிஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு. காட்டிலேயே பிழைப்பு நடத்தும் வழிகாட்டிகள்கூட அதிகம் பார்ப்பது காலடித் தடத்தைத்தான். புலி வேண்டுமென்றால் இந்தியாவுக்குப் போக வேண்டும். அங்கே 2022 கணக்கெடுப்பின் மதிப்பீடு 3,682. ஆக, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து முதலில் பேச வேண்டியது எதைப் பார்க்க ஆசை என்பதை. இடம் அதன் பின்னால் தானாக அமையும்.

பேராக்கிலேயே தொடங்குவது

தோட்டத்தில் வளர்ந்த தலைமுறைக்கு யானை புதிதில்லை. பால்மரத் தவறணைக்குள் யானை புகுந்த கதை இல்லாத தோட்டம் அபூர்வம். தெலுக் இந்தான் அருகே, 1894 செப்டம்பரில் ரயிலை எதிர்த்து மோதி இறந்த காட்டு யானைக்கு ஒரு நினைவுப் பலகையே இருக்கிறது. அந்தக் காடுகள் பால்மரமாகி, பால்மரம் செம்பனையாகி, இப்போது விலங்குகள் வடக்கே ஒதுங்கியிருக்கின்றன. தோட்டங்களில் பிடிபடும் யானைகளை வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தான் கொண்டுபோய் விடும் இடங்களில் ஒன்று, கிரிக்குக்கு அப்பால் தாய்லாந்து எல்லையை ஒட்டிய ராயல் பெலும்.

1,17,500 ஹெக்டேர் பரப்புள்ள ராயல் பெலும் 2007இல் மாநிலப் பூங்காவானது. அதன் தெற்கே தெமெங்கோர் காடு. இரண்டுக்கும் நடுவே பேராக் ஆற்றை மறித்துக் கட்டிய அணையால் உண்டான ஏரி. இந்த ஏரியால்தான் பெலும் பார்ப்பதற்கு எளிதான மழைக்காடாக இருக்கிறது. அடர்ந்த காட்டுக்குள் கண் எட்டாது. படகில் உட்கார்ந்தால் கரை முழுவதும் தெரியும். தண்ணீரில் மூழ்கிப் பட்டுப்போன மரங்கள் இன்னும் நிற்பதால், அவற்றின் மேல் உட்காரும் பறவைகளும் தெளிவாகத் தெரிகின்றன. மலேசியாவின் பத்து வகை இருவாச்சிகளும் பெலும்–தெமெங்கோரில் உண்டு. கழுத்துப்பையில் கறுப்புக் கோடு இல்லாத ஓர் இனம் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் காலையும் மாலையும் பெருங்கூட்டமாக ஏரியைக் கடந்து பறக்கும். ஒரே நாளில் இரண்டாயிரத்துக்கும் மேல் எண்ணப்பட்டதுண்டு. பெலுமுக்கு ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால், அந்த மாதங்களில், அந்தப் பறவைகளுக்காகப் போவதே சிறந்தது. யானை தெரிந்தால் அது கொசுறு.

யானையும் தாபிரும் வரக்கூடிய இடம், விலங்குகள் உப்பு நக்க வரும் ‘சீரா’ எனப்படும் உப்புமண் திட்டுகள். சுங்கை பாப்பான் பக்கத்துச் சீராவுக்குப் படகுகள் போகின்றன. பகலில் பெரும்பாலும் தடமும் சாணமும்தான் இருக்கும். அவற்றைப் படிக்கத் தெரிந்த ஜஹாய், தெமியார் பூர்வகுடி வழிகாட்டி உடன் வந்தால் அதுவே பாதி நாளுக்கான பாடம். ரஃப்லேசியா மலரைப் பார்க்க வேண்டுமானால் கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது: மொட்டு பல மாதம் வளர்ந்தாலும் பூ ஒரு வாரத்துக்குள் கறுத்துவிடும். சுல்தான் அஸ்லான் ஷாவின் பெயரைத் தாங்கிய ரஃப்லேசியா இனம் 2003இல் இந்தப் பகுதியிலிருந்துதான் விவரிக்கப்பட்டது.

உள்ளே போக பேராக் மாநிலப் பூங்காக் கழகத்தின் அனுமதி கட்டாயம். எல்லைப் பகுதி என்பதால் அடையாள அட்டை நகலை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். ஏற்பாட்டாளர்களே இதைச் செய்து தருவார்கள். படகுக்குப் பெரும்பாலும் படகு ஒன்றுக்கு இவ்வளவு என்றுதான் வாடகை. இரண்டு பேர் போனாலும் எட்டுப் பேர் போனாலும் கிட்டத்தட்ட ஒரே செலவு. பெலும் சொந்தபந்தம் சேர்ந்து போக ஏற்ற இடம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிரிக்கிலிருந்து பண்டிங் தீவுப் படகுத்துறைக்குப் போகும் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் இருட்டிய பிறகு வண்டி ஓட்டவே கூடாது. 2025 மே மாதம் அந்தச் சாலையில் லாரி மோதி ஒரு யானைக்குட்டி இறந்தது. தாய் யானை லாரியை விட்டு நகராமல் நின்ற காட்சியை நாடே பார்த்தது. அடுத்த மாதமே நள்ளிரவுக்குப் பின் பல்கலைக்கழக மாணவர் பேருந்து கவிழ்ந்து 15 பேர் உயிரிழந்தனர். ஈப்போவிலிருந்து காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் படகுத்துறைக்குப் போய்விடலாம். வேலை முடிந்து வெள்ளிக்கிழமை இரவு புறப்படும் பழக்கத்தை இந்த வழியில் விட்டுவிட வேண்டும்.

வயதானவர்கள், கைக்குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு பெலுமைவிடக் கடற்கரை உகந்தது. தைப்பிங்கிலிருந்து கொஞ்சத் தூரத்தில் கோலா செபெத்தாங். மலாயாவின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து இங்கேதான் ஓடியது. ஊரின் அன்றைய பெயர் போர்ட் வெல்ட். அந்தப் பழைய நிலையப் பெயர்ப்பலகையில் தமிழும் இருக்கிறது. ஊரைச் சுற்றிலும் மாத்தாங் அலையாத்திக் காடு, சுமார் 40,000 ஹெக்டேர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே முறைப்படி பராமரிக்கப்படுகிறது. கரிச்சூளைக்கு மரம் வெட்டிய பகுதியை முப்பது ஆண்டு வளரவிட்டுத்தான் மறுபடி தொடுகிறார்கள். வெட்டுகிற காடு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் காடாகவே இருப்பதைப் பார்க்க வெளிநாட்டு வனத்துறையினர்கூட வருகிறார்கள். அரை மணித் தூரத்தில் இருப்பவர்கள் மீ ஊடாங் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். படகில் போனால் செம்பருந்துகள் உறுதியாகத் தெரியும், நீர்நாயும் ஓங்கிலும் கண்ணில் படலாம். இரவில் கம்போங் டியூவில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே சீராக விட்டுவிட்டு ஒளிரும். அமாவாசையை ஒட்டிய நாள்களைப் பார்த்துப் போவது முக்கியம். பௌர்ணமி வெளிச்சத்தில் அவை மங்கிவிடும்.

அதே காட்டின் வடகோடியில் கோலா கூலா. சைபீரியப் பக்கத்திலிருந்து ஆஸ்திரேலியாவரை போகும் பறவைகள் செப்டம்பரிலிருந்து மார்ச்வரை இந்தச் சேற்றுத் திட்டுகளில் இறங்கி இரை தேடுகின்றன. பைனாகுலர் இல்லாமல் போனால் தூரத்தில் புள்ளிகள்தான் தெரியும். அலை ஏறும் நேரத்தைப் படகோட்டியிடம் கேட்டு வைத்துக்கொண்டால், தண்ணீர் பறவைகளைக் கரைப்பக்கம் தள்ளும் அந்த ஒரு மணி நேரத்தைத் தவறவிடாமல் இருக்கலாம்.

கோப்பேங் பக்கம் உலு கெரோவில் செமாய் பூர்வகுடி வழிகாட்டிகளோடு அரை நாள் நடந்தால் ரஃப்லேசியாவும், மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சியான ராஜா புரூக்கும் பார்க்க வாய்ப்புண்டு. பத்து காஜா பக்கத்துப் பழைய ஈயக் குட்டைகளில் கொக்கும் நாரையும் ஏராளம். போக ஒரு காலைப்பொழுது போதும். 1961இல் தொடங்கிய தைப்பிங் மிருகக்காட்சிசாலை, இரவு உலாவும் சேர்த்து, பயணத்துக்கான இடம் என்பதைவிடப் பயணத்துக்கு முந்தைய ஒத்திகைக்கான இடம். இருட்டில் அரை மணி நேரம் சத்தம் போடாமல் இருக்கப் பிள்ளைகளால் முடிகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். புக்கிட் மேரா தீவின் ஓராங் ஊத்தான்கள் கொண்டுவந்து வைக்கப்பட்டவை. அந்த இனத்துக்குத் தீபகற்பம் சொந்த ஊர் இல்லை.

நாட்டுக்குள் அடுத்த படி

தாமான் நெகாரா 4,343 சதுர கிலோமீட்டர். காட்டை அனுபவிக்கப் போகிறவருக்கு நல்ல இடம். விலங்கு எண்ணப் போகிறவருக்கு இல்லை. ‘பும்புன்’ எனும் மறைவுக் குடிலில் ஓர் இரவு விழித்திருந்தால் தாபிரோ மானோ உப்புமண்ணுக்கு வரலாம். வராமலும் போகலாம்.

மலேசியாவுக்குள் விலங்கைக் கண்ணாரக் காட்டும் இடம் சபாவின் கினாபாத்தாங்கான் ஆறு. தீபகற்பத்துக்காரர்களுக்குக் கடப்பிதழ்கூட வேண்டாம், அடையாள அட்டை போதும். காலையும் மாலையும் படகில் போனால் நீள்மூக்குக் குரங்குகள் ஏறக்குறைய நிச்சயம். ஓராங் ஊத்தான், முதலை, இருவாச்சி ஆகியவற்றுக்கும் நல்ல வாய்ப்பு. சில பருவங்களில் போர்னியோ யானைக் கூட்டமும் ஆற்றோரம் இறங்கும். இவ்வளவு எளிதாகத் தெரிவதற்கான காரணம் சங்கடமானது. இருபுறமும் செம்பனை வந்துவிட்டதால் விலங்குகளுக்கு மிஞ்சியது ஆற்றோரக் கீற்று மட்டும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் படகிலிருந்தே அந்தப் பனை வரிசைகளை அடையாளம் கண்டுகொள்வார்.

தமிழ்நாடு, கர்நாடகம், இலங்கை

பேராக்கிலிருந்து போகும் தமிழ்க் குடும்பங்கள் தமிழ்நாட்டுப் பயணத்தைக் கோயில்களை வைத்தே வகுக்கின்றன. திருச்சியில் இறங்கி, தஞ்சை, மதுரை, இராமேசுவரம் என்று வட்டமடிக்கும் அந்தப் பாதையில் காட்டுக்கு இரண்டு நாள் ஒதுக்குவது கடினமில்லை. நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போகிறவர்களுக்கு வேதாரண்யத்தை அடுத்த கோடியக்கரை இருக்கிறது. பூநாரைகளும் வெளிமான்களும் திறந்த வெளியில் நிற்கும். தேடி அலைய வேண்டியதில்லை.

நீலகிரியின் முதுமலை 1940இல் சரணாலயமாகி 2007இல் புலிகள் காப்பகமானது. வனத்துறை வண்டியில்தான் உள்ளே போக முடியும். தெப்பக்காடு யானை முகாமை மையமாக வைத்த ஆவணப்படம் 2023இல் ஆஸ்கர் வாங்கிய பிறகு அங்கே கூட்டம் அதிகம். நீலகிரிக்குள் நுழையும் வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் முறை நடைமுறையில் இருப்பதால் ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். காட்டுவழிச் சாலை பந்திப்பூர் பக்கம் இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும். மைசூரிலிருந்து வருகிறவர்கள் இதைக் கணக்கில் வைக்காவிட்டால் வண்டியிலேயே விடியும்.

யானை, புலி இரண்டுக்கும் சேர்த்து ஒரே இடம் சொல்ல வேண்டுமென்றால் முதுமலையைவிட, கர்நாடக எல்லைக்கு அப்பால் நாகரஹொளேயின் கபினிப் பக்கம். கோடையில் காட்டுக் குட்டைகள் வற்றியதும், கபினி அணையின் நீர் பின்வாங்கிய கரையில் புதுப்புல் முளைக்கும். மார்ச்சிலிருந்து மே வரை யானைகள் அங்கே கூடுகின்றன. வெயில் வாட்டும் காலம்தான். ஆனாலும் இலை உதிர்ந்து காடு திறந்திருக்கும் ஒரே காலம் அது. மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் எவ்வளவு நல்ல தமிழ் பேசினாலும் நுழைவுச்சீட்டு வெளிநாட்டவர் கட்டணத்தில்தான் என்பதைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது உள்ளூர்க் கட்டணத்தைவிடப் பல மடங்கு.

முதல் தடவை போகிறவர்களுக்கு இந்தியாவைவிட இலங்கை எளிது. நாடு சிறியது, பூங்காக்கள் திறந்த வெளியாக இருக்கின்றன, ஜீப்பை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். யாலவில் சிறுத்தை பார்க்கும் வாய்ப்பு நல்லது. புலியும் சிங்கமும் இல்லாத தீவு என்பதால் சிறுத்தையே அங்கே மேலாதிக்கம் செய்கிறது. ஆனால் முதல் வட்டாரத்தில் ஒரு சிறுத்தையைச் சுற்றி இருபது ஜீப்புகள் நெருக்கிக்கொண்டு நிற்பதும் உண்டு. அந்த நெரிசல் பிடிக்காதவர்கள், யாழ்ப்பாணத்து உறவுகளைப் பார்க்கப் போகிற வழியில் வில்பத்துக்குத் திரும்பலாம். பரப்பு பெரிது, வண்டிகள் குறைவு. யானைக்கு உடவளவை ஆண்டு முழுவதும் நம்பகமானது. ஆகஸ்ட், செப்டம்பரில் மின்னேரியாக் குளம் வற்றும்போது அதன் படுகையில் நூற்றுக்கணக்கான யானைகள் சேர்வது ஆசியாவின் பெரிய காட்சிகளில் ஒன்று. குளத்தில் நீர் உயர்ந்திருக்கும் ஆண்டுகளில் புல் மூழ்கிவிடும், யானைகள் பக்கத்துக் கவுடுல்லவுக்கு நகர்ந்துவிடும். அங்கே போய் இறங்கியபின் ஜீப்காரர் சொல்லும் பூங்காவுக்குப் போவதே புத்திசாலித்தனம்.

ஆப்பிரிக்கா

கென்யாவின் மசாய் மாராவும் தான்சானியாவின் செரெங்கெட்டியும் எல்லையின் இருபக்கத்தில் ஒரே புல்வெளி. ஜூலை முதல் அக்டோபர் வரை லட்சக்கணக்கான வில்டபீஸ்ட் மான்கள் மாரா ஆற்றைக் கடக்கும். விலை உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். சிங்கம் பார்ப்பது மட்டுமே நோக்கமென்றால் அந்த மாதங்களுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை, சிங்கம் புலம்பெயர்வதில்லை. கென்யா போய் வருகிறவர்கள் மலேசியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் காட்ட வேண்டும். ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்னதாகவாவது போட்டாக வேண்டும். மலேரியா மாத்திரைக்கும் அப்போதே மருத்துவரைக் கேட்டுவிடலாம்.

நாள்காட்டியும் வீட்டு நிலவரமும்

விடுமுறை கிடைக்கும் மாதமும் காடு திறந்திருக்கும் மாதமும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. தீபாவளி விடுமுறைதான் குடும்பமாகக் கிளம்ப ஏற்ற நேரம் என்றாலும், தமிழ்நாட்டில் அப்போது வடகிழக்குப் பருவமழை; மின்னேரியாவின் யானைக் கூட்டம் கலைந்திருக்கும்; கொஞ்ச நாளில் தாமான் நெகாராவின் ஆறும் பெருகத் தொடங்கும். அந்த வாரத்துக்குக் கோலா கூலா பொருத்தம். தைப்பூசத்தை ஒட்டிய விடுமுறைக்குக் கோடியக்கரை, அல்லது தூரம் போக முடிந்தால் காண்டாமிருகங்களுக்காக அசாமின் காசிரங்கா. அது மழைக்காலம் முழுவதும் மூடியிருந்து அதன் பிறகுதான் திறக்கும். புரட்டாசி மாதத்தில் கிளம்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: யால பெரும்பாலும் செப்டம்பர் தொடக்கத்திலிருந்து அக்டோபர் நடுப்பகுதிவரை மூடப்படுகிறது. விரதம் இருப்பவர்களுக்கு, பெலும் விடுதிகளில் சைவச் சாப்பாடு முன்பே சொன்னால்தான் கிடைக்கும். படகில் போய்த் தங்கும் முகாம் என்றால் புளிச்சோறு கட்டிக்கொண்டு போவது நிம்மதி.

எந்தக் காடானாலும் விலங்கு நடமாட்டம் அதிகம் தெரிவது விடியலிலும் அந்தியிலும்தான். ஐந்தரை, ஆறு மணிக்கு வண்டி கிளம்பும், பசியாறல் ஒன்பது மணிக்கு மேல். இனிப்புநீர் உள்ளவர்கள் இல்லாத குடும்பம் நம்மிடையே குறைவு. இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் ஜீப்பில் ஏறுவது ஆபத்து. மருந்து நேரத்தை மாற்றுவது பற்றி மருத்துவரிடம் முன்பே கேட்டு, கையில் பிஸ்கட்டும், இன்சுலினுக்குக் குளிர்ப்பையும் வைத்துக்கொள்ள வேண்டும். முதுகுவலிக்காரருக்கு யாலவின் குண்டும் குழியுமான மண்பாதை மூன்று மணி நேரத் தண்டனை. அவருக்குப் படகு உள்ள இடங்களே சரி: பெலும், செபெத்தாங், கினாபாத்தாங்கான், கேரளத்தின் தேக்கடி. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைச் சில ஆப்பிரிக்க விடுதிகள் வண்டியில் ஏற்றுவதில்லை. முன்பணம் கட்டுமுன் கேட்க வேண்டும்.

ஏற்பாட்டாளரைத் தேர்வு செய்யும்போது மலேசியாவில் சுற்றுலா அமைச்சின் உரிம எண்ணைக் கேட்டு வாங்கலாம். புலி நிச்சயம், யானை நிச்சயம் என்று வாக்குக் கொடுக்கிறவரை அந்த வார்த்தைக்காகவே ஒதுக்கிவிடலாம். புலிக்குட்டியை மடியில் வைத்துப் படமெடுக்கும் கூடங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் வனவிலங்குப் பயணத்தில் சேராது. வண்டியில் எத்தனை பேர், படகில் எல்லோருக்கும் உயிர்காப்புச் சட்டை உண்டா, வழிகாட்டி அந்தக் காட்டுக்காரரா, நுழைவுக் கட்டணம் விலையில் அடக்கமா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். வெள்ளத்தாலோ காட்டுத்தீயாலோ பூங்கா மூடப்பட்டால் பணம் திரும்புமா, தேதி மட்டும் மாறுமா என்பதும் அதே தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பெலுமில் பருவமழை மாதங்களிலும் தென்னிந்தியாவில் கோடைத் தீக் காலத்திலும் அப்படி மூடுவது நடப்பதுதான்.